நீலகிரிப் பாதையில் ஒரு முட்டுக்கட்டை

மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான மனக்குறை உண்டு. வண்டி ஓடும்போது அவர்களுக்குக் கால் வலிப்பதில்லை. வண்டி நிற்கும்போதுதான் வலிக்கிறது! சந்தேகமிருந்தால், ஏதாவது ஒரு சனிக்கிழமை காலையில் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் புறப்பட்டுப் பாருங்கள். நூறு கஜம் போவது, நிற்பது. மறுபடி ஐம்பது கஜம் போவது, நிற்பது. பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே இருக்க வேண்டும். எடுத்தால் ஆபத்து. கியர் தானாக மாறும் வண்டியாயிருந்தால், சமதரையில் மெல்ல நகர்ந்து முன்னால் நிற்கும் ஆட்டோ ரிக்ஷாவின் முதுகை முகரப் போகும். மேடாயிருந்தால் எந்த வண்டியும் பின்னால் வரத்தான் பார்க்கும். பின்னால் நிற்பதோ பெரும்பாலும் லாரியாகத்தான் இருக்கும்!

இந்தத் தொல்லைக்கு ஒரு பரிகாரம் இப்போது பல கார்களில் வந்திருக்கிறது. இரண்டு முன் ஆசனங்களுக்கும் நடுவே ஒரு சின்னப் பொத்தான். சிலர் 'ஆட்டோ ஹோல்ட்' என்கிறார்கள். சிலர் 'பிரேக் ஹோல்ட்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான்: நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்வது. இந்தப் பொத்தானை வைத்துக்கொண்டு நீலகிரி மலை ஏறி இறங்கினால் எப்படியிருக்கும் என்று பார்க்கும் சந்தர்ப்பம், போன தை மாதக் கடைசியில் எனக்குக் கிடைத்தது.

அப்புச்சியும் பேரனும்

வண்டியில் நாங்கள் நான்கு பேர். ஓட்டியவன் என் கோயம்புத்தூர் நண்பரின் மகன். புதுக் கார்; கியர் தானாக மாறுவது. அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய தாய்வழிப் பாட்டனார். கொங்கு நாட்டில் அவரை 'அப்புச்சி' என்று அழைப்பார்கள். எழுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் நீலகிரிப் பாதையில் லாரி ஓட்டியவர். பின் ஆசனத்தில் நானும் என் மனைவியும், ஒரு கூடை தின்பண்டங்களும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ம் தேதி முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வந்தது அல்லவா? அதைப் பையன் முன்னதாகவே வாங்கி வைத்திருந்தான்.

முதல் சிக்னலில் வண்டி நின்றது. பையன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டான். அப்புச்சி திடுக்கிட்டார்.

"காலை எடுத்துட்டயா, கண்ணு?"

"எடுத்துட்டேன், அப்புச்சி."

"பொய் சொல்லாதே!"

அவர் குனிந்து, பேரனின் காலடியை எட்டிப் பார்த்தார். கால் பிரேக்கின்மேல் இல்லைதான். எதிரே ஒரு பச்சை எழுத்து மட்டும் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. வண்டி அசையவில்லை. விளக்கு மாறியது, பையன் வேகம் கொடுக்கும் பெடலை இலேசாகத் தொட்டான், பச்சை எழுத்து அணைந்தது, வண்டி புறப்பட்டுவிட்டது.

"பேய் பிடிச்ச மாதிரியல்ல நிக்குது!" என்றார் அப்புச்சி.

பேயுமில்லை, பிசாசுமில்லை. விஷயம் இதுதான். பிரேக்கை மிதிக்கும்போது குழாய்களுக்குள் இருக்கும் திரவம் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் நாலு சக்கரங்களிலும் போய்ப் பிரேக்கை இறுக்குகிறது. காலை எடுத்தால் அழுத்தம் தணிந்து பிரேக் தளர்ந்துவிடும். பொத்தானை அழுத்தி வைத்திருந்தால், வண்டி முழுவதும் நின்ற பிறகு, குழாய் வழியிலுள்ள சிறு வால்வுகள் மூடிக்கொள்ளும். நாம் காலால் கொடுத்த அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். நாம் மறுபடியும் வேகம் கொடுத்து, எஞ்சின் வண்டியை இழுக்க ஆரம்பித்ததும், வால்வுகள் திறந்து பிரேக் விடுபடும். கட்டிலில் கிடக்கும் குழந்தையை ஒரு கை பிடித்துக்கொள்ளும் வரையில் மற்றொரு கையை எடுக்காத தாயைப் போல!

இதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில், ஓட்டுகிறவர் பெல்ட் போட்டு, கதவைச் சாத்தியிருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். பிடித்திருக்கும் நேரம் முழுவதும் பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பின்னால் வருகிறவருக்கு ஏமாற்றமில்லை. சில நிமிஷங்களுக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால், வண்டி தானாகவே மின்சாரக் கைப்பிரேக்கைப் போட்டுக்கொள்ளும்.

கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பையன் ஒரு காரியம் செய்தான். அதை நான் கவனித்துக்கொண்டேன். சிக்னலில் நிற்கும்போது பொத்தானைப் போட்டான். ஆனால் கூட்டத்தில் ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும்போது அணைத்துவிட்டான்.

"ஏன் தம்பி, அணைத்துவிட்டாய்?" என்று கேட்டேன்.

"ஊர்ந்து போறப்போ அடிக்கடி பிடிச்சுப் பிடிச்சு விடும், மாமா. வண்டி குலுங்கும். அதே மாதிரி, இடுக்கான இடத்திலே பின்னாலே எடுத்து நிறுத்தறப்பவும் இது வேண்டாம். அங்கே காலாலே அங்குலம் அங்குலமா விட்டுப் பிடிக்கிறதுதான் சரி" என்றான்.

காரமடைத் தேர்

காரமடைக்கு வந்ததும் அப்புச்சி இரண்டு கைகளையும் கூப்பினார். அங்கே அரங்கநாத சுவாமி கோயில் பிரசித்தி பெற்றது. மாசி மகத்தை ஒட்டித் தேர்த் திருவிழா நடக்கும். சுற்று வட்டாரத்து ஜனங்களெல்லாம் திரண்டு வருவார்கள்.

"தேர் பாத்திருக்கீங்களா, அம்மிணி?" என்று என் மனைவியைக் கேட்டார் அவர்.

"பார்க்காமல் என்ன? எங்கள் ஊரிலும் தேர் உண்டே!"

"அப்போ கட்டை போடறவங்களையும் பாத்திருப்பீங்க. ஊரே வடம் பிடிச்சு இழுக்கும். ஆனா தேரை நிறுத்தறது யாருங்க? சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடறானே, அந்த நாலு பேருதான். இழுக்க ஆயிரம் பேர் வேணும். நிறுத்த ஒருத்தன் கை சரியா இருந்தாப் போதும்."

நாம் பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று அர்த்தம். பாவம், தேர் ஓட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவன் செய்வதோ உயிர் காக்கிற காரியம்! தேர் தெருக்கோடியில் திரும்புவதும், சரிவில் ஓடாமல் நிற்பதும் அவன் கையில்தான் இருக்கிறது.

மோட்டார் வண்டிக்கும் இந்த முட்டுக்கட்டை யோசனை புதிதல்ல. 1936-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் கம்பெனியார் தங்களுடைய 'பிரெசிடெண்ட்' என்ற காரில் 'ஹில் ஹோல்டர்' என்ற ஒரு கருவியை விரும்பியவர்களுக்குப் பொருத்திக் கொடுத்தார்கள். அதில் ஒரு சிறு குண்டு இருக்கும். வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் அந்தக் குண்டு உருண்டு போய்ப் பிரேக் திரவத்தின் வழியை அடைத்துக்கொள்ளும். கிளட்ச் மிதித்திருக்கும் வரையில் வண்டி பின்னால் வராது. கிளட்சை விட்டதும் வழி திறந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு குண்டு, அவ்வளவுதான்! 2001-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன்னுடைய பெரிய காரில் மின்சாரக் கைப்பிரேக்கையும், தானாகப் பிடித்துக்கொள்ளும் இந்த வசதியையும் சேர்த்துக் கொடுத்தது. அன்றைக்குக் கோடீசுவரர்களுக்கு மட்டும் கிடைத்தது, இன்றைக்கு நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது.

இரண்டு அங்குலம்

மேட்டுப்பாளையத்தில் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இருபுறமும் பாக்குத் தோப்புகள். கல்லாறு வந்ததும் வெயில் குளிர்ந்துவிடுகிறது, மலை ஆரம்பமாகிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 326 மீட்டர் உயரம். உதகமண்டலம் ரயில் நிலையம் சுமார் 2,200 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் பாதையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வானத்தை நோக்கிப் போகிறோம் என்றால் பாருங்களேன்!

குன்னூர் போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். நடுவே குரங்குகள் குடும்ப சமேதமாக உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கின்றன.

ஒரு வளைவுக்குக் கீழே பையன் வண்டியை நிறுத்தினான். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி பார்த்தால், அகலம் போதாத மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் மரியாதை. இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதுதான் இதற்குக் காரணம். ஆனால் பாதி வளைவு திரும்பிவிட்ட பஸ்ஸிடம் சட்டம் பேசி என்ன பயன்? பாதை முழுவதும் அதற்குத்தான் வேண்டியிருக்கிறது. கீழேயே காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் வண்டி நல்ல மேட்டில் நின்றது. எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் என் மனைவி பார்த்துவிட்டாள். "லாரி!" என்றாள் மெல்லிய குரலில். ஆமாம், எங்களை ஒட்டி ஒரு லாரி வந்து நின்றிருந்தது.

இந்த மேட்டில் நிற்கும் கார் எவ்வளவு பலத்தோடு பின்னால் வரப் பார்க்கும்? பன்னிரண்டரை அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் சரிவென்று வைத்துக்கொள்வோம். கார் 1,250 கிலோ எடை என்றால், அதைக் கீழே இழுக்கும் பலம் 100 கிலோ. அதாவது ஒரு நெல் மூட்டையைவிடக் கனமான சுமை, இடைவிடாமல் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை அந்தச் சிறு வால்வுகள் பிடித்துக்கொண்டு நின்றன.

பஸ் போய்விட்டது. பையன் பெடலைத் தொட்டான். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. நேரே முன்னால்தான் போயிற்று. நான் பெருமூச்சு விட்டேன்.

அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தம்முடைய இடது கையை உயர்த்திப் பின்னால் காட்டினார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல் கணுக்கள் இல்லை.

"எனக்கு அப்போ பதினாலு வயசுங்க. லாரியிலே கிளீனர். அரிசி லோடு ஏத்திட்டு இதே பாதையிலே வந்தோம். இந்த மாதிரி ஒரு வளைவுதான். டிரைவர் கியர் மாத்தறதுக்குள்ளே வண்டி பின்னாலே வந்துட்டுது. கிளீனர் வேலைன்னா என்னங்க? கட்டையோட குதிக்கோணும். குதிச்சேன். சக்கரத்துக்குக் கீழே கட்டையை வெச்சேன். வண்டி நின்னுது. நின்னதுன்னு நெனச்சேன். கையை எடுக்கறதுக்குள்ளே இன்னும் ரெண்டு அங்குலம் வந்துதான் நின்னுது."

வண்டிக்குள் நிசப்தம்.

"ரெண்டு அங்குலந்தாங்க" என்றார் மறுபடியும். "ஆனா வண்டி பள்ளத்திலே விழலை. மேலே உக்காந்திருந்த நாலு பேரும் பொழச்சாங்க."

பேரன் இந்தக் கதையை முன்பே கேட்டிருப்பான். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கை சற்று இறுகியதைக் கவனித்தேன்.

"இந்தப் பொத்தான் லாரியிலே வந்திருச்சா, கண்ணு?"

"இப்போ வர்ற புது லாரி, பஸ்ஸிலே பலதிலே மேட்டிலே வண்டியைப் பிடிச்சுக்கற ஏற்பாடு இருக்குது, அப்புச்சி."

"அப்போ கிளீனர் பையன் குதிக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொத்தான் இல்லாத பல கார்களிலும் 'ஹில் அசிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. 'ஹில் அசிஸ்ட்' என்பது பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு ஏறக்குறைய இரண்டு விநாடிதான் வண்டியைப் பிடித்திருக்கும். காலை இந்தப் பெடலிலிருந்து அந்தப் பெடலுக்கு மாற்றுவதற்குக் கொடுக்கும் அவகாசம் அது. பிறகு விட்டுவிடும். அதை நம்பிக் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

ரயிலுக்கும் பிரேக்காரர்

பர்லியாறில் பழக் கடைகள். அங்குள்ள தோட்டக்கலைப் பண்ணை 1871-ல் ஏற்பட்டது. மங்குஸ்தான், துரியான் முதலிய பழங்கள் அங்கே விளைகின்றன. நாங்கள் போனது பழக் காலமில்லை. ஆகையால் என் மனைவியின் கூடைதான் கை கொடுத்தது.

குன்னூரில் ரயில்வே கேட்டை மூடியிருந்தார்கள். மலை ரயில் வந்துகொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899-லும், பிறகு உதகமண்டலம் வரையில் 1908-லும் இந்த ரயில் பாதை முடிந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, தண்டவாளங்களின் மத்தியில் பல்வரிசை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஏதாவது ஒன்று விட்டுப் போனாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் வந்து சாயும். அது மட்டுமல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்காரர் உண்டு. பெட்டியின் முன்புற மேடையில், கையில் கொடியுடன் நிற்பார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவருடைய உத்தியோகம் போகவில்லை. எஞ்சினில் ஒரு பிரேக், பெட்டிகளில் ஒரு பிரேக், அதற்கும் மேல் ஒரு மனிதனின் கண். மலை விஷயத்தில் ஒரே ஒரு பிடிமானத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ரயிலைப் பார்க்கும் ஆவலில் பையன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தான். கியர் ஓடும் நிலையிலேயே இருந்தது. பச்சை எழுத்துத்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே 'டொய்ங், டொய்ங்' என்று மணி அடித்தது. உள்ளே ஏதோ 'கிர்ர்' என்றது. வண்டி தானே மின்சாரக் கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டுவிட்டது!

அப்புச்சி சிரித்தார். "உன்னை அது நம்பலை, கண்ணு! அதுதான் தானே கட்டை போட்டுக்குது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அது போடாட்டி என்ன பண்ணுவே? இறங்கறதுன்னா முறையா 'பி'யிலே போட்டு, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைச்சுட்டு இறங்கோணும். பொத்தான் நீ உக்காந்திருக்கறப்போ ஒத்தாசை. நீ இறங்கிட்டா அது காவல்காரன் இல்லை" என்றார்.

பையன் மறு பேச்சுப் பேசவில்லை. அவர் சொன்னபடியே செய்தான்.

வெலிங்டன், அரவங்காடு, கேத்திப் பள்ளத்தாக்கு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே உதகமண்டலம் போய்ச் சேர்ந்தோம். உதகையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஏரியும், மலர்த் தோட்டமும், சாக்லெட் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று மட்டும் தெரிவித்துவிட்டுக் கீழே இறங்குகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையின் முக்கியமான சமாசாரம் இறக்கத்தில்தான் இருக்கிறது.

இறக்கத்தின் சமாசாரம்

திரும்பி வருவதற்குக் கோத்தகிரிப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். 1819-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து சேர்ந்தது இந்தப் பக்கந்தான். கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில் அவர் இருந்த பங்களாவை இப்போதும் பார்க்கலாம். இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்திருக்கின்றன.

கோத்தகிரியைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும், சாலையோரத்தில் ஒரு வெளியூர்க் கார் நின்றிருந்தது. முன் சக்கரங்களிலிருந்து இலேசாகப் புகை வந்தது. கருகிய நாற்றம். ஒரு தாயாரும் இரண்டு சிறு குழந்தைகளும் பாறையோரமாக ஒதுங்கி நின்றார்கள். குடும்பத் தலைவர் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டிலுடன் சக்கரத்தருகே குனிந்துகொண்டிருந்தார்.

"நிறுத்து, கண்ணு!" என்றார் அப்புச்சி. எழுபத்தெட்டு வயதுக்காரர் அவ்வளவு வேகமாக இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. "தண்ணி ஊத்தாதீங்க, தம்பி! ஊத்தாதீங்க!" என்று கூவிக்கொண்டே போனார்.

பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தட்டு கோணிப் போகலாம், விரிசலும் விடலாம். தானாக ஆறவிடுவதுதான் முறை.

அந்த மனிதர் மிகவும் கலங்கிப் போயிருந்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்றாம். எப்படியோ இந்த அகலமான இடத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். "ஆட்டோ ஹோல்ட் போட்டுத்தானே ஐயா இறங்கினேன்! அது பிடித்துக்கொள்ளும் என்றுதானே நினைத்தேன்!" என்றார்.

இதோ, வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம். இந்தப் பொத்தான் நின்ற வண்டியைத்தான் பிடிக்கும். ஓடுகிற வண்டியை அது தொடவே தொடாது. மலையிறக்கத்தில் அதைப் போட்டிருந்தாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். சில வண்டிகளில் இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேறொரு பொத்தான் தனியாக உண்டு. அது வேறு; இது வேறு.

இறக்கத்தில் பிரேக்குக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரமிப்பாயிருக்கிறது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் 1,250 கிலோ எடையுள்ள கார், அவ்வளவு உயரத்தையும் எங்கேயாவது கரைத்தாக வேண்டும். அந்தச் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். குடும்பம் முழுவதற்கும் வெந்நீர்! அவ்வளவு சூட்டையும் நாலு சக்கரத்துப் பிரேக்குகளே தாங்கவேண்டும் என்றால் நியாயமா? பிரேக் காய்ந்தால் பிடிப்புக் குறையும். இன்னும் காய்ந்தால் குழாயிலுள்ள திரவமே கொதித்து ஆவியாகும். ஆவி, திரவத்தைப் போல அழுத்தத்தைக் கடத்தாது, அமுங்கிப் போய்விடும். அதனால்தான் பெடல் பஞ்சாகிறது.

இதற்கு மருந்து பழைய மருந்துதான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள் லாரிக்காரர்கள். கீழ்க் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒருமுறை மிதித்து, உடனே விட வேண்டும். இறக்கம் நெடுகிலும் மிதித்துக்கொண்டே வரக் கூடாது. கியர் தானாக மாறும் வண்டியிலும் 'டி'யிலேயே விட்டுவிடாமல், 'எல்'லிலோ கைமுறையில் இரண்டாவது கியரிலோ போட வழி இருக்கிறது. நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பதோ, யமனுடன் சிக்கனம் பேசுவதுதான்!

அப்புச்சி இதையெல்லாம் அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். கூடவே, "அந்தப் பொத்தான் மேலே குத்தமில்லைங்க, தம்பி. நிக்கறப்போ அது தங்கம். ஈரத்திலே, சேத்திலே மட்டும் அதையும் பாத்துத்தான் நம்போணும். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும். சக்கரம் மண்ணைப் பிடிக்கோணுமல்ல?" என்றார்.

ஒரு மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம். என் மனைவியின் கூடை அந்தக் குழந்தைகள் முன்னால் காலியாயிற்று. சக்கரங்கள் நன்றாக ஆறிய பிறகு, நின்றபடியே பெடலை மிதித்துப் பார்த்தார்கள். பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. சற்றுச் சமமான இடத்தில் மெல்ல ஓட்டி, இரண்டு முறை நிறுத்தியும் சோதித்தார்கள். அப்புறந்தான் அப்புச்சி சம்மதித்தார். பேரனை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவர் அந்தக் காரில் ஏறிக்கொண்டார்! கீழே போனதும் மெக்கானிக்கிடம் காட்டிப் பிரேக் திரவத்தைப் பார்த்துக்கொள்வதாக அந்த மனிதர் வாக்களித்த பிறகுதான் இரண்டு வண்டிகளும் நகர்ந்தன.

இரண்டாவது கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டே, நாங்கள் முன்னும் அவர்கள் பின்னுமாக இறங்கினோம். சமவெளியின் விளக்குகள் கீழே நட்சத்திரங்களைப் போல் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. வளைவுக்கு வளைவு காற்று வெதுவெதுப்பாயிற்று.

மேட்டுப்பாளையத்தில் இரண்டு வண்டிகளும் நின்றன. அந்தக் குடும்பத்தார் அப்புச்சியைக் கைகூப்பி வணங்கினார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காரின் முன் சக்கரத்தருகே மெல்லக் குனிந்து, தம்முடைய இடது கையைத் தொடாமல் நாலு அங்குலம் தள்ளிப் பிடித்துச் சூடு பார்த்தார். பிறகு எங்கள் வண்டிக்கு வந்து அதேபோல் பார்த்தார்.

"சூடே இல்லை. நல்லா இறக்கியிருக்கறே, கண்ணு" என்று பேரனின் முதுகில் தட்டினார். "போலாம். வழியிலே சிக்னல் நெறைய இருக்குது. உன் பொத்தானைப் போட்டுக்கோ."